வலக்கண்ணின் வெள்ளை

நாலு மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்று நஸ்ரின் கேட்டிருந்தாள், இப்போது இரண்டேகால்தான் ஆகிறது, இரண்டேகாலுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு கல்யாணமே நடந்து முடிந்துவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மங்கையர்க்கரசி கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் மறைத்தாள். எதிர்ச் சுவர் வெள்ளையாக இருந்தது. சும்மா வெள்ளை இல்லை, நீலம் போட்டு அலசிய வேட்டியின் வெள்ளை. கையை மாற்றி வலது கண்ணை மறைத்தாள், அமுக்காமல், ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் கண்ணாடிக்கு வெளியிலேயே சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஏனென்றால் டாக்டரம்மா சொன்ன பன்னிரண்டு கூடாதுகளில் அமுக்கக் கூடாது என்பதுதான் முதலாவது. அதே சுவர் சந்தனமாகிவிட்டது, ஆறிப்போன டீ தெளித்த மாதிரி. ஒன்பது நாளாக இதே விளையாட்டு. புரை எடுத்த கண் ஒரு வீட்டைக் காட்டுகிறது, அடுத்த மாதம் புரை எடுக்கப்போகும் கண் இன்னொரு வீட்டைக் காட்டுகிறது, இரண்டையும் திறந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எங்கேயோ அவள் குடியிருக்கிறாள். எல்லாருக்கும் அப்படித்தாம்மா, புரை பழுப்பாத்தான இருக்கும், அதுக்குள்ளாறதான இத்தன வருசமாப் பாத்துக்கிட்டு இருந்தீங்க என்று டாக்டரம்மா சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எத்தனை வருஷமாக? அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு கணக்கு வாத்தியாருக்குச் சுவர் எந்த நிறத்தில் தெரிந்தால் என்ன, கணக்கு கணக்குதான். அவள் திருச்சி சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு மேட்சிங் சென்டரில் இருபத்தெட்டு வருஷமாக நிற்கிறவள். புடவையை எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அதற்கு ஒத்துப்போகிற ரவிக்கைத் துணியை எடுத்துக் கொடுப்பது வேலை. விரித்துக் காட்டக்கூட வேண்டாம், பைக்குள் ஒரு நுனி தெரிந்தால் போதும், கை தானாக எட்டாவது தட்டில் நாலாவது சுருளுக்குப் போகும். இந்தம்மாதான் நம்ம கடையோட கண்ணு என்று முதலாளி ரவூப் பாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கடைக்குக் கண்ணாக இருப்பவளுக்குக் கண்ணில் புரை என்றால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவளுக்குப் பயம் சிரிப்பில் இல்லை.

நஸ்ரின் ரவூப் பாயின் மகள், பி.காம். முடித்துவிட்டுக் கடையை இணையத்தில் ஏற்றியே தீருவேன் என்று நிற்கிறாள். சிங்கப்பூரில் இருக்கிறவள் புடவையைப் படம் பிடித்து அனுப்பினால் இங்கிருந்து ரவிக்கைத் துணி கூரியரில் போகுமாம். வெப்சைட்டுக்கு எந்த நிறம் வைப்பது என்பதில்தான் ஒன்றரை மாதம் போய்விட்டது. முதலில் சிவப்பும் கறுப்பும் என்றாள், கட்சி ஆபீஸ்னு நினைச்சு மனு எடுத்துட்டு வந்துருவாங்கம்மா என்றார் ரவூப் பாய். மஞ்சளும் சிவப்பும் என்றாள், அதற்கும் யாரோ கொடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை என்றதும் பாய் கடைன்னா பச்சையான்னு கேப்பாங்க, வேணாம் என்றார். காவி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நீலம் வைத்தால் ஒரு ஆள் கேட்பான், ரோஸ் வைத்தால் ஐஸ்க்ரீம் கடை. இந்த ஊரில் இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாவதாக ஒரு கூட்டம் வந்து நின்றுவிடுகிறது. கடைசியில் மூன்று தேறின, மூன்றையும் நஸ்ரின் இன்று காலையில் போனில் அனுப்பிவிட்டு, குரலிலும் சொல்லியிருந்தாள்: "மங்கைக்கா, ரெஸ்ட்ல இருக்கீங்கன்னு தெரியும், சாரி. ஆனா நீங்க சொல்லாம ஏத்த மாட்டேன்னு வாப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பரச் சொன்னாப் போதும், நாலு மணிக்குள்ள." நம்பர் சொன்னால் போதும். முதலாவது அரக்கு எழுத்தும் பின்னால் சந்தனமும். இரண்டாவது மயில்கழுத்து, அதற்குப் பொன் நிறத்தில் கரை. மூன்றாவது வெறும் வெள்ளை, மேலே ஒல்லியாகச் சாம்பல் நிறத்தில் கடைப் பெயர். இடது கண்ணால் பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும் அக்காள் தங்கை மாதிரி இருக்கின்றன, வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வலது கண்ணால் பார்த்தால் ஒன்று கல்யாண மண்டபம், இன்னொன்று அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணாலும் பார்த்தால் தலை வலிக்கிறது. செல்போனை அதிகம் பார்க்கக் கூடாது என்பது ஏழாவது கூடாது.

"மேல பாரு." கணவர் சிதம்பரநாதன் வந்து நின்றுகொண்டிருந்தார், கையில் சொட்டு மருந்து. போக்குவரத்துக் கழகத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பேருந்தும் அவரைக் கேட்காமல் நிலையத்தை விட்டு நகர்ந்ததில்லை, இப்போது அந்த அதிகாரமெல்லாம் அவள் வலது கண்ணுக்கு வந்துவிட்டது. இரண்டரைக்கு ஒரு சொட்டு, நாலரைக்கு ஒரு சொட்டு. "மூடிக்க. அஞ்சு நிமிசம் தொறக்கக் கூடாது." மருந்து தொண்டை வரைக்கும் கசந்தது, கண்ணில் விட்டதற்குத் தொண்டை ஏன் கசக்கிறதோ. மூடிய இமைக்குள் ஆரஞ்சு, ஆரஞ்சுக்குள் வாடாமல்லி நிறத்தில் ஒரு பொட்டு நகர்ந்து நகர்ந்து போனது. அவருக்கு உலகத்தில் ஐந்தே நிறம், கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, காக்கி. மற்றதெல்லாம் உங்க கடையில வியாபாரத்துக்காகப் பண்ணது என்பார். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்து, இது எப்ப எடுத்தீங்க, புதுசா இருக்கே என்று கேட்டாள். நீதான போன தீபாவளிக்கு முந்துன தீபாவளிக்கு எடுத்துக் குடுத்த என்றார். இரண்டு தீபாவளியாகத் தன் கையால் துவைத்து மடித்த சட்டை. சாம்பல் என்று நினைத்துத்தான் எடுத்தாள், சாம்பல் என்று நினைத்துத்தான் துவைத்தாள், அது லாவண்டர், வெளிறிய ஊதா. தூங்கிப்போயிருப்பாள் போல, கடைக்குள் இருந்தாள், தட்டுகளில் சுருள்களுக்குப் பதிலாக மடித்த தண்ணீர் அடுக்கியிருந்தது, பிஸ்தாத் தண்ணீர், வெங்காயத்தோல் தண்ணீர், கத்தரிப்பூத் தண்ணீர், ஒருத்தி வந்து இதுக்கு மேட்ச் வேணும் என்று வெறும் கையை நீட்டினாள், உள்ளங்கையில் ஒன்றுமில்லை. மங்கை அதற்கும் ஒன்றை எடுத்து மீட்டர் கோலில் அளந்தாள். வழிந்து பில் புத்தகமெல்லாம் நனைந்தது. ஐந்து நிமிஷம் ஆச்சு என்றார் சிதம்பரநாதன்.

பீரோவில் மேல் தட்டில் அந்த நோட்டு இருக்கிறது. இருப்பது தெரியும், அதனால்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் வேறு யாருக்கும் இல்லாத பழக்கம் அது. அருமையாக ஒரு மேட்ச் அமைந்துவிட்டால் புடவை முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிக்கொள்வாள், கேட்டுவிட்டுத்தான், வெட்டின துணியில் நகத்தளவு ஒரு துண்டை எடுத்துக்கொள்வாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குண்டூசியில் குத்தி, தேதி எழுதி, நிறத்தின் பெயரையும் எழுதிவைப்பாள். அதைப் பார்த்துவிட்டால் வெப்சைட்டுக்கு வழி தெரிந்துவிடும் என்று ஒரு மனசு சொன்னது, இத்தனை வருஷத்து ருசியும் அதில்தானே இருக்கிறது. எடுக்காதே என்றது இன்னொரு மனசு. முன் பக்கங்களைப் பார்த்தால் போதும், போன ஆவணி மாதத்துப் பக்கத்துக்குப் போக வேண்டாம், போகாமல் மூடிவிடலாம் என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் போட்டாள். போன ஆவணியில் மணப்பாறையிலிருந்து ஒரு அம்மாள் மகளுடைய நிச்சயதார்த்தப் புடவையைக் கொண்டுவந்தாள். சாம்பல், வெள்ளிக் கரை. சாம்பல் என்று மங்கை சொன்னாள். பக்கத்தில் நின்ற ரெஜினா, இருபது வருஷமாகப் பக்கத்தில் நிற்கிற ரெஜினா, ஒரே டப்பாவில் சோறு தின்கிற ரெஜினா, துணியைக் கையில் வாங்கி, "இது சாம்பல் இல்ல மங்கை, உள்ள நீலம் ஓடுது, லாவண்டர் எடு" என்றாள். ட்யூப்லைட்டை நம்பாதே என்பது கடைச் சட்டம், சந்தேகம் வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போக வேண்டும். போனார்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். வெயில் அவள் கண்ணுக்குள் வந்து பழுப்பாகத்தான் விழும் என்று யாருக்குத் தெரியும். எனக்கே சொல்லித் தர்றியா என்றாள் மங்கை, நாலு பேர் முன்னால், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், அப்படித்தான் சொல்வது வழக்கம். வெட்டு என்று சாம்பலை எடுத்து ரெஜினா கையில் கொடுத்தாள். ரெஜினா வெட்டினாள். யார் வெட்டுகிறார்களோ அவர்கள் எண்தான் பில்லில் விழும், ரெஜினாவின் எண் ஏழு.

இதில் என்ன இருக்கிறது, கண் ஏமாந்துவிட்டது, கடவுள் புரையைக் கொடுத்தால் நான் என்ன செய்ய. இந்த இடம் வரைக்கும் ஒன்பது நாளில் ஒன்பதாயிரம் தடவை வந்துவிட்டாள், இந்த இடம் வரைக்கும் நடக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு அடுத்த படியில்தான் கால் மாட்டிக்கொள்கிறது. பத்து நாள் கழித்து அந்த அம்மாள் தைத்த ரவிக்கையோடு வந்து நின்றாள். நிச்சயதார்த்தத்துல எம் பொண்ணு ரவிக்கையத் துண்டால மூடிக்கிட்டே உக்காந்திருந்தாய்யா, மாப்ள வீட்டுக்காரங்க இரவல் ரவிக்கையான்னு கேட்டாங்கய்யா என்றாள், சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் தேவலை. ரவூப் பாய் பில்லை வாங்கிப் பார்த்தார். ஏழாம் நம்பர் யாரு என்றார். ரெஜினா மங்கையைப் பார்த்தாள். மங்கை கல்லாப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கிளிப்பச்சைச் சுருளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், சுருட்டி முடித்த சுருளை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அது சரியான சாம்பல்தான், அந்த அம்மாளுக்குத்தான் வீம்பு என்று அப்போது அவள் உண்மையாகவே நம்பினாள், நம்பினால் என்ன, நம்பிக்கொண்டே சொல்லியிருக்கலாமே, நான் எடுத்துக் கொடுத்தது, எனக்குச் சாம்பல்தான் தெரிகிறது என்று. கண்ணுக்குப் புரை, வாய்க்கு என்ன வந்தது? மறுநாள் ரெஜினாவை மாடியில் உள்பாவாடைப் பிரிவுக்குப் போட்டார்கள். ரெஜினாவுக்கு முழங்கால் தேய்மானம், படி ஏறக் கூடாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே வருவதை நிறுத்திவிட்டாள், வலி என்று மற்றவர்கள் சொன்னார்கள். எட்டு மாதமாக மங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறாள், ஒரு உருளைக்கிழங்கு வறுவலைக்கூடப் பாதிக்கு மேல் தின்ன முடிவதில்லை, கை பாதியை ஒதுக்கி வைத்துவிடுகிறது.

நோட்டு எப்போது மடிக்கு வந்தது என்று தெரியவில்லை. குனியக் கூடாது என்பது நாலாவது, அதனால் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மறைத்து மறைத்துப் புரட்டினாள். முதல் பக்கங்களில் ஒரு கோளாறும் இல்லை. மாம்பழ மஞ்சள் நூலும் மாம்பழ மஞ்சள் துண்டும் இரண்டு கண்ணுக்கும் ஒன்றாகவே இருந்தன. புதுக் கண்ணுக்கு இன்னும் இனிப்பாக இருந்தன, எச்சில் ஊறியது, இப்படியா இருந்தாய் நீ, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. இங்க் நீலம் என்று தான் எழுதியிருந்த ஒரு நகத்தளவு துண்டுக்குள் கிணறு மாதிரி இறங்கிக்கொண்டே போனாள். சந்தோஷமாக இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும், ஐம்பத்தைந்து வயதில் நீலத்தை யாரோ திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே எவள் வீட்டுத் துணியோ கொடியில் ஆடியது, அதுவும் நீலம், ஆகாயம் வேறு நீலம், அவள் கை நரம்பு வேறு நீலம். அப்படியே மிதந்து போகிறபோதே பக்கங்கள் அவளைக் கேட்காமல் புரண்டன, மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியில் நூல் ஒரு பக்கம் போயிற்று, துண்டு ஒரு பக்கம் போயிற்று. வெள்ளை என்று எழுதிய இடத்தில் துண்டு சந்தனமாக இருந்தது. அடுத்த பக்கம் சரி. அதற்கடுத்தது இல்லை. கறுப்புக்கு அடர்நீலம். நாவல்பழத்துக்குக் காப்பிப்பொடி. இத்தனை பேரும் இதைப் போட்டுக்கொண்டா கல்யாணத்துக்குப் போனார்கள், ஏன் ஒருத்திகூட வந்து கேட்கவில்லை, மங்கைக்கா எடுத்துக் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணாடி முன்னால் தங்கள் கண்ணைத் தாங்களே சந்தேகப்பட்டிருப்பார்களோ. பிறகு ஆவணி வந்துவிட்டது. ஒப்பந்தம் ஒப்பந்தத்தோடு போயிற்று. இடது கண்ணுக்கு நூலும் துண்டும் ஒன்று. வலது கண்ணுக்கு நூல் லாவண்டர், அப்பட்டமான லாவண்டர், சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். துண்டு அடுப்புச் சாம்பல். வெயிலில் நின்று ரெஜினா இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கையில் பிடித்துக்கொண்டு, இதைவிட்டு வேறொன்றை வெட்டினாள், மங்கை சொன்னாள் என்பதற்காக.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பக்கத்தை மூடாமலே யோசித்தாள். ரவூப் பாய் திட்ட மாட்டார், அதுதான் கஷ்டம். சரிம்மா, ரெஸ்ட் எடுங்க என்பார், எடுத்து முடித்துப் போனால் கடையில் அவளுக்கு ஒரு நாற்காலி இருக்கும், வேலை இருக்காது. வருகிறவர்கள் புடவை நுனியை வேறு யாரிடமாவது காட்டுவார்கள். இனிமேல் வெப்சைட் வேறு, படத்தைப் பார்த்து நிறத்துக்கு நம்பர் சொல்லும் செயலி இருக்கிறதாம், நஸ்ரின் ஒருநாள் காட்டினாள், மங்கை சிரித்தாள், சாம்பலில் ஐம்பது வகை இருக்கும்மா, இது ஒரு வகையைச் சொல்லுது என்றாள். என்ன திமிர். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அடுத்த மாதம் இடது கண்ணும் சரியாகிவிடும், அப்புறம் எல்லா மேட்ச்சும் சரியாகத்தான் எடுப்பாள், முன்னைவிட நன்றாக எடுப்பாள், யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. ரெஜினா மட்டும் படி ஏறிக்கொண்டிருப்பாள். போன் அதிர்ந்தது, இன்னொரு குரல் செய்தி. நஸ்ரின். "மங்கைக்கா, மணி மூணே முக்காலாச்சு, எந்த நம்பர்க்கா? ரெஜினா ஆன்ட்டிகிட்டயும் மாடியில போய்க் காட்டுனேன். எங்கிட்டக் கேக்காத, மங்கைக்குத்தான் தெரியும், அவகிட்டக் கேளுன்னுட்டாங்க." அதில் குத்தல் இருக்கிறதா என்று மங்கை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். நஸ்ரினின் குரல்தானே, அதில் ரெஜினா எப்படிச் சொன்னாள் என்பது தெரியவில்லை. குத்திச் சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. சாதாரணமாகச் சொல்லியிருந்தால் என்ன செய்வது. அழுகை வந்தது. அழக் கூடாது என்று பன்னிரண்டில் ஒன்றாக யாரும் சொல்லவில்லை, ஆனாலும் பயந்துகொண்டு தலையணை உறையால் ஒற்றிக்கொண்டாள், பிறகு எட்டு மாதமாக அழுத்தாத ஒரு பெயரை அழுத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள். எடுக்காவிட்டால் நல்லது. எடுத்துவிட்டாள்.

"ம்."

"ரெஜினா, நான்தான்."

"தெரியுது. கண்ணு எப்டி இருக்கு?"

"ஒண்ணு நல்லாருக்கு." அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் மங்கை சொன்னாள், "நஸ்ரின் மூணு கலர் காட்டுச்சாமே. எது நல்லாருக்கு?"

"எங்கிட்ட எதுக்குக் கேக்குற?"

"தெரியல. எனக்குத் தெரியல ரெஜினா."

இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நிறத்தைப் பார்த்துத் தெரியவில்லை என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் யாரோ உள்பாவாடை சைஸ் கேட்டார்கள், முப்பத்தெட்டு அந்தக் கடைசியில இருக்கு பாருங்க என்றாள் ரெஜினா, பிறகு மறுபடி போனுக்கு வந்தாள்.

"மூணாவது. துணி விக்கிற எடத்துல பின்னாடி கலர் இருந்தா துணியோட கலர் கெட்டுப் போகும். சந்தனத்து மேல வெச்சா லாவண்டர்லாம் சாம்பலாத் தெரியும்." சொல்லிவிட்டு நிறுத்தினாள். வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது, அது இருவருக்கும் தெரிந்தது.

"அது லாவண்டர்தான்" என்றாள் மங்கை. "இப்பதான் பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. நான் அப்பவே வாயத் தொறந்திருக்கணும். நான் எடுத்துக் குடுத்தேன்னாவது சொல்லியிருக்கணும். சொல்லல."

மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கே வைப்பது என்று மங்கை தேடிக்கொண்டிருந்தாள்.

"அது லாவண்டர்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மங்கை" என்றாள் ரெஜினா. கோபமாக இல்லை, களைப்பாக இருந்தது. "எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு."

"மொதலாளி இருக்காரா?"

"கீழ இருக்காரு."

"போனக் கொண்டுபோய்க் குடுக்குறியா? இல்ல, வேணாம், நீ எறங்காத, நான் அவரு நம்பருக்கே போடுறேன்."

"போட மாட்ட நீ" என்றாள் ரெஜினா. "வெச்சிட்டா போட மாட்ட. லைன்லயே இரு."

இருந்தாள். நாற்காலி நகர்ந்தது, செருப்பு தேய்ந்தது, பிறகு முதல் படி. ரெஜினா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறாள் என்பது போனிலேயே தெரிந்தது. நடுவில் ஒருதரம் நின்றாள், மூச்சு வாங்கியது, யப்பா என்றாள், யாரிடமும் இல்லை. மங்கைக்கு வைத்துவிடலாம் என்று இருந்தது. விரல் அந்தச் சிவப்பு வட்டத்துக்கு மேலேயே நின்றது. அந்த மாடிக்கு எத்தனை படி என்று இத்தனை வருஷத்தில் அவள் எண்ணியதில்லை. பதினேழு. கடைசிப் படியில் கடைச் சத்தம் மொத்தமும் காதுக்குள் வந்து விழுந்தது, துணி கிழிபடும் சத்தம், பில் மெஷின், யாரோ மிளகாய்ப்பழச் சிவப்பு கேட்கும் சத்தம், அதற்கு நடுவில் ரெஜினாவின் குரல், மொதலாளி, மங்கை ஒங்ககிட்டப் பேசணுமாம்.

"சொல்லும்மா" என்றார் ரவூப் பாய். "எந்த நம்பரு?"

"ஏழாம் நம்பர் இல்ல மொதலாளி" என்றாள் மங்கையர்க்கரசி. "நான்."